செங்கடலுக்கு அப்பால் – 9: சம்பளம் கொடுக்க முடியாத பேரரசர்

1855 பிப்ரவரியில், சிமியன் மலைநாட்டில் உள்ள தெரெஸ்கெ மரியம் தேவாலயத்தில், காசா என்ற முன்னாள் கொள்ளைக்கூட்டத் தலைவர் எத்தியோப்பியாவின் பேரரசராக முடிசூடிக்கொண்டார். அந்தத் தேவாலயத்தைக் கட்டியவர் வடக்கின் அதிபதி வூபெ. அங்கே தனக்கே முடிசூட்டு விழா நடக்கும் என்று அவர் எண்ணியிருந்தார். விழாவுக்குச் சில நாட்களுக்கு முன் காசாவிடம் போரில் தோற்றுக் கைதியாகிவிட்டார். காசா தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர் தெவோத்ரோஸ். துன்பகாலம் ஓய்ந்தபின் அந்தப் பெயரில் நீதி தவறாத மன்னன் ஒருவன் எழுவான் என்ற தீர்க்கதரிசனம் அந்த மண்ணில் நெடுங்காலமாக வழங்கிவந்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1868 ஏப்ரல் 13 அன்று, பிரிட்டிஷ் படை மக்தலா கோட்டைக்குள் நுழைந்த நேரத்தில் அவர் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தார். இந்தப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு இரண்டு கதைகள் உண்டு. அவரிடம் சிறைப்பட்டிருந்த ஐரோப்பியர்கள் எழுதிய நூல்களில் அவர் மனநிலை பிறழ்ந்த கொடுங்கோலர். இருபதாம் நூற்றாண்டு எத்தியோப்பிய நாடகங்களிலும் நாவல்களிலும் அவர் காலத்தை முந்திப் பிறந்த தேசிய வீரர். இரண்டு கதைகளும் அவருடைய குணத்தையே அளந்துகொண்டிருக்கின்றன. அவருடைய ஆட்சியை நடத்தியதும் முறித்ததும் குணத்தைவிட மிகச் சாதாரணமான ஒரு கேள்வி என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்: படைவீரனுக்குச் சோறு போடுவது யார்?

சென்ற இதழ்களில் பார்த்த 'இளவரசர்களின் காலம்' 1769 முதல் 1855 வரை நீண்டது. கோந்தார் நகரில் பெயருக்கு ஒரு பேரரசர் இருந்தார். அதிகாரம் ராஸ் என்ற பட்டம் தாங்கிய பிரபுக்களிடம் இருந்தது. பிரபுக்கள் தங்கள் வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது வழக்கமில்லை. கொடுப்பதற்குப் பணமும் இல்லை. மலைநாட்டில் புழங்கிய நாணயங்கள் இரண்டு: பாளம் பாளமாக வெட்டிய உப்புக்கட்டி, ஆஸ்திரியாவில் அச்சாகிச் செங்கடல் வழியாக வந்த மரியா தெரசா வெள்ளிக்காசு. ஊழியத்துக்குக் கூலியாகக் கிடைத்தது 'குல்ட்' என்ற உரிமை. ஒரு கிராமத்தின் விளைச்சலில் அரசனுக்குச் சேர வேண்டிய பங்கை அரசனுக்குப் பதிலாகத் தானே வசூலித்துக்கொள்ளும் உரிமை அது. பிரபுவுக்கும் தேவாலயத்துக்கும் மடத்துக்கும் குல்ட் கிடைத்தது. சாதாரணப் போர்வீரனுக்குக் கிடைத்தது உழவனின் வீடு. படை எங்கே தங்குகிறதோ அங்கே வீட்டுக்கு இத்தனை பேர் என்று வீரர்களைப் பிரித்து அனுப்புவார்கள். அவர்கள் அந்த வீட்டுத் தானியத்தை உண்டு, மாட்டை அறுத்துத் தின்றுவிட்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். ஆகவே போரில் யார் வென்றாலும் தோற்றது உழவன்தான். ஒரு மாகாணத்தை வென்ற பிரபு அதைத் தின்று தீர்த்தார். தின்று தீர்த்த மாகாணம் அடுத்த ஆண்டு அவருக்கு எதிராக எழுந்தது. எண்பது ஆண்டுச் சண்டைக்குப் பிரபுக்களின் பேராசை ஒரு காரணம் என்றால், இந்த ஏற்பாடு அதைவிடப் பெரிய காரணம்.

காசா இதைக் கீழிருந்து பார்த்தவர். ஏறத்தாழ 1818இல், தானா ஏரிக்கு மேற்கே சூடான் எல்லையை ஒட்டிய குவாரா நாட்டில் பிறந்தார். இளம் வயதிலேயே தந்தையை இழந்து மடங்களில் படித்து வளர்ந்தார். கோந்தாரை ஆண்டவர்களுக்குப் பணியாமல் எல்லைக் காடுகளில் கூட்டம் சேர்த்துக்கொண்டு திரிந்த நாட்களில், கொள்ளையடித்த பணத்தை உழவர்களுக்குக் கொடுத்துக் கலப்பை வாங்கச் சொன்னார் என்று அவருடைய அரசவை நாளாகமம் எழுதுகிறது. புகழ்வதற்காக எழுதிய நூல் என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் ஒரு கொள்ளைத் தலைவரைப் புகழ நினைத்தவர் அவருடைய வீரத்தோடு நிற்காமல் கலப்பையையும் சேர்த்துச் சொன்னார் என்றால், அந்தக் காலத்து மக்கள் ஒரு தலைவரிடம் எதை எதிர்பார்த்தார்கள் என்பதாவது அதிலிருந்து தெரிகிறது. இரண்டாவது பாடம் 1848இல் தபார்க்கி என்ற இடத்தில் கிடைத்தது. அதுவரை எல்லையில் வெற்றியே கண்டிருந்த காசா, அங்கே எகிப்தியப் படை ஒன்றைத் தாக்கினார். எதிரியின் எண்ணிக்கை குறைவு. ஆனால் அவர்களிடம் பீரங்கியும், கட்டளைக்கு அடங்கி நின்று சுடும் பயிற்சியும் இருந்தன. காசாவின் ஆட்கள் சிதறினார்கள். அன்று முதல் அவர் பீரங்கியை மறக்கவில்லை என்று எல்லா வரலாற்றாசிரியர்களும் எழுதுகிறார்கள். பீரங்கிக்குப் பின்னால் நின்ற ஆளை அவர் மறக்கவில்லை என்பதை அவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை. அந்த எகிப்தியச் சிப்பாய் மாதச் சம்பளக்காரன். கொள்ளை கிடைக்கிறதோ இல்லையோ, அவன் அணியில் நிற்பான்.

முடிசூடிய ஆண்டிலேயே பிரிட்டிஷ் தூதர் வால்டர் பிளௌடன் லண்டனுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். புதிய பேரரசரின் திட்டங்களை நேரில் கண்டு எழுதிய ஆவணம் அது. படையினர் உழவர்களைக் கொள்ளையிடக் கூடாது. அதற்கு மாற்றாக அவர்களுக்குத் துணியும் பணமும் ஊதியமாகத் தர வேண்டும். பிரபுக்களின் தனிப்படைகளைக் கலைத்து, பேரரசருக்கு மட்டும் கட்டுப்பட்ட நிலைப்படை ஒன்றை அமைக்க வேண்டும். வீரர்களுக்குத் துப்பாக்கி தர வேண்டும். ஆயுதம் ஏந்தித் திரிந்தவர்கள் கலப்பைக்கும் வணிகத்துக்கும் திரும்ப வேண்டும். அடிமை வணிகம் நிற்க வேண்டும். இவற்றைச் சீர்திருத்தங்களின் பட்டியலாகப் படித்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நல்லெண்ணங்களாகத் தோன்றும். எல்லாவற்றையும் தாங்குவது ஒரே முடிச்சு. சம்பளம் கொடுத்தால் கொள்ளை நிற்கும். கொள்ளை நின்றால் உழவு நிலைக்கும். உழவு நிலைத்தால் வரி வரும். வரி வந்தால் சம்பளம் கொடுக்கலாம். படையின் அமைப்பையும் இதற்கேற்ப மாற்றினார். வெவ்வேறு மாகாணத்து ஆட்களை ஒரே அணியில் கலந்தார். ஐம்பது பேருக்கும் நூறு பேருக்கும் ஆயிரம் பேருக்கும் தனித்தனித் தலைவர்களை நியமித்தார். அந்தப் பதவிப் பெயர்கள் எத்தியோப்பியப் படையில் வெகுகாலம் நிலைத்தன. ஒரு வீரன் தன் ஊர்ப் பிரபுவைப் பார்க்காமல் தன் தலைவனைப் பார்க்கும்படியாக இந்த ஏற்பாடு இருந்தது. வட்டம் முழுமையாகத்தான் வரையப்பட்டிருந்தது. அதைச் சுழற்றிவிடத் தேவைப்பட்ட முதல் பணம் எங்கிருந்து வரும் என்பது மட்டும் தீராத கணக்காக இருந்தது.

கடல் வழியாக வந்திருக்க முடியாது. வணிகத்தின் வாயிலாகிய மசாவா துறைமுகம் துருக்கியர் கையில் இருந்தது. 1865இல் எகிப்தின் கைக்கு மாறியது. மிச்சம் இருந்தது நிலம். வளமான நிலத்தில் பெரும்பங்கு திருச்சபையிடம் இருந்தது. 1856இலேயே தெவோத்ரோஸ் குருமாரைக் கூட்டிப் பேசினார். நிலத்தை எல்லாம் தேவாலய மானியமாக எடுத்துக்கொண்டால் நான் எதை உண்பது, என் படைக்கு எதைக் கொடுப்பது என்று அவர் கேட்டதாக நாளாகமம் பதிவுசெய்கிறது. குருமாரின் பதிலும் அதிலேயே இருக்கிறது. முன்னோர் செய்ததுபோல, ஆண்டில் சில மாதம் ஒரு மாகாணத்தில், சில மாதம் இன்னொரு மாகாணத்தில் என்று சென்று தங்கி உண்ணுங்கள் என்றார்கள். எத்தியோப்பிய வரலாற்றில் இதைவிடத் தெளிவாக இரண்டு அரசியல் முறைகள் முகத்துக்கு முகம் நின்ற இடம் அரிது. பேரரசர் ஓரிடத்தில் அமர்ந்து வரி வாங்கிச் சம்பளம் தரும் அரசைக் கேட்டார். நடந்துகொண்டே தின்னும் அரசையே குருமார் காட்டினார்கள். அவர் முன்வைத்த திட்டம் கறாரானது: ஒரு தேவாலயத்துக்கு இரண்டு குருமாரும் மூன்று உதவிக்குருமாரும் போதும், அவர்களுக்கு வேண்டிய நிலம் போக மீதி நிலம் வரி கட்டும் உழவர்களிடம் போக வேண்டும். அன்று அவர் பின்வாங்கினார். 1860இல் சொன்னதைச் செய்தே விட்டார்.

திருச்சபையின் தரப்பையும் கேட்க வேண்டும். அந்த நிலத்தில் வாழ்ந்தவர்கள் கொழுத்த மடாதிபதிகள் மட்டும் அல்லர். ஒரு தேவாலயத்தைச் சுற்றி டஜன் கணக்கில் குருமார் குடும்பங்களும், பாடகர்களும், எழுத்துக் கற்பிக்கும் ஆசிரியர்களும், வீடு வீடாகப் பிச்சை எடுத்துப் படித்த மாணவர்களும் இருந்தார்கள். கிறிஸ்தவ மலைநாட்டில் இருந்த பள்ளிக்கூடம் அதுதான். ஆதரவற்றவர்களுக்கு இருந்த ஒரே புகலிடமும் அதுதான். குருமாரில் பலர் தங்கள் நிலத்தைத் தாங்களே உழுதவர்கள். ஐந்து பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களைப் போகச் சொன்னால் அவர்கள் எங்கே போவார்கள் என்பதற்கு அரசிடம் பதில் இல்லை. மேலும், அரச வாக்கு என்ற ஒன்று இருக்கிறது. மானியங்கள் பழைய பேரரசர்கள் சாபமிட்டு எழுதிக்கொடுத்த சாசனங்கள். அவற்றை ஒரு புதிய அரசர் ரத்து செய்யலாம் என்றால் எந்தச் சாசனத்துக்கு மதிப்பு? இந்த நியாயங்கள் உண்மையானவை. இருந்தும் அவை தெவோத்ரோஸின் கேள்விக்கு விடை தரவில்லை. படை இருந்தே தீரும் என்றால், அதற்கான செலவை மானியம் பெற்றவரும் பகிர்வதா, உழவன் மட்டுமே சுமப்பதா என்பதுதான் கேள்வி. குருமார் சொன்ன வழியில் அந்தச் சுமை முழுவதும் உழவனின் களஞ்சியத்தின் மேல்தான் இறங்கும்.

நிலத்தை எடுத்தார், எடுத்ததிலிருந்து பயன் பெற அவருக்கு அமைதி வேண்டியிருந்தது. அமைதியைத் தரும் வாய் குருமாருடையது. பேரரசர் கடவுளால் அமர்த்தப்பட்டவர் என்று ஊர்தோறும் சொல்லி வந்தவர்கள் அதைச் சொல்வதை நிறுத்தினார்கள். தெவோத்ரோஸ், தனக்கு முடிசூட்டி வைத்த திருச்சபைத் தலைவர் அபூனா சலாமாவோடு பகை முற்றி, 1864இல் அவரையே மக்தலாவில் சிறைவைத்தார். 1867இல் சலாமா சிறையிலேயே இறந்தார். தீக்ரேயில் நெகூசெ என்பவர் பிரெஞ்சு ஆதரவை எதிர்பார்த்து 1861 வரை எதிர்த்து நின்றார். கோஜாம், லாஸ்தா, வொல்லோ மாகாணங்கள் மாறி மாறி எழுந்தன. ஒவ்வொரு கலகத்தையும் அடக்க அவரே படையோடு போக வேண்டும். போன படை உண்ண வேண்டும். சம்பளத்துக்கு வரி வரவில்லை. வரி வராததால் வழியிலுள்ள ஊரைத் தின்றது. தின்ற ஊர் கலகக்காரர் பக்கம் சாய்ந்தது. எந்த முறையை ஒழிப்பதற்காக அரியணை ஏறினாரோ அந்த முறையின் ஆகப் பெரிய நடமாடும் உருவமாக அவரே மாறிப்போனார். சிறுவயதில் ஷெவாவிலிருந்து பிடித்துவந்து மக்தலாவில் மகன்போல் வளர்த்த மெனெலிக் 1865இல் தப்பி ஓடித் தன் நாட்டை மீட்டுக்கொண்டார். 1866இன் இறுதியில் தெவோத்ரோஸ் கோந்தாரைக் கொள்ளையிட்டு எரித்தார். தேவாலயங்கள் எரிந்தன. அந்த நகரம் அவருடைய சொந்தப் பேரரசின் பழைய தலைநகரம். கலகக்காரர்களுக்கு இடம்கொடுத்தது என்பது அதன் மேல் சொன்ன குற்றம். தேவாலயங்களின் செல்வமும் அங்கேதான் குவிந்திருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்தப் பின்னணியில்தான் காஃபாத் பட்டறையைப் பார்க்க வேண்டும். தெப்ரெ தாபோர் நகருக்கு அருகே, சுவிட்சர்லாந்தின் சங்க்ட் கிரிஷோனா அமைப்பிலிருந்து வந்த மிஷனரிக் கைவினைஞர்களைக் குடியமர்த்தினார். வேதம் பரப்ப வந்தவர்களிடம், எனக்குப் பீரங்கி வார்த்துக் கொடுங்கள் என்றார். தங்களுக்குத் தெரியாது என்றவர்களை விடவில்லை. வால்ட்மயரும் அவருடைய தோழர்களும் உலை கட்டி, தவறி, மீண்டும் வார்த்துக் கற்றுக்கொண்டார்கள். எத்தியோப்பிய இளைஞர்களும் அவர்களிடம் தொழில் படித்தார்கள். முடிவில் பல டன் எடையுள்ள மோர்ட்டார் ஒன்று வார்க்கப்பட்டது. அதற்குச் செபஸ்டோபோல் என்று பெயரிட்டார். ஒரு பெரிய குழாய்ப் பொம்மைக்கு நாட்டையே வறுத்தெடுத்தார் என்பது எதிரிகளின் ஏளனம். அது போரில் பயன்பட்டிருக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பட்டறையின் நோக்கத்தை அவருடைய கோரிக்கைகளிலிருந்து அறியலாம். 1866இல் மிஷனரி ஃப்ளாடை லண்டனுக்கு அனுப்பியபோது அவர் கேட்டது கைவினைஞர்களையும் இயந்திரங்களையும். முடிந்த பொருளை வாங்கப் பணம் இல்லாத அரசர், பொருள் செய்யும் கையைத் தன் நாட்டில் வளர்க்கப் பார்த்தார். அதுவும் அதே கணக்கின் இன்னொரு பக்கம்தான். சாலை போட்டதும் அப்படியே. பேரரசர் தன் கையால் கல்லைப் புரட்டுவதைக் கண்ட ஐரோப்பியர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். சம்பளம் வாங்கும் படை விரைந்து போய் விரைந்து திரும்ப வேண்டும். நின்ற இடத்தில் நின்றால் அது உழவனைத் தின்னும்.

பிரிட்டனோடு வந்த மோதல் பலருக்கும் தெரிந்த கதை என்பதால் சுருக்கமாகவே சொல்லலாம். 1862இல் புதிய தூதர் கேமரன் வழியாக விக்டோரியா அரசிக்கு ஒரு கடிதம் அனுப்பினார். முன்னோரின் மண்ணைத் துருக்கியர் பிடித்து வைத்திருக்கிறார்கள், உங்களிடம் தூதுக்குழு அனுப்ப விரும்புகிறேன், வழி பாதுகாப்பாக அமைய உதவுங்கள் என்பது அதன் சாரம். 1863 தொடக்கத்தில் லண்டன் போய்ச் சேர்ந்த கடிதம் பதிலின்றிக் கோப்பில் கிடந்தது. துருக்கியோடும் எகிப்தோடும் நட்பு பேணிய பிரிட்டனுக்கு இந்தக் கிறிஸ்தவ மன்னரின் நட்பு அவசியமாகப் படவில்லை. கேமரனோ எகிப்து ஆண்ட சூடான் பக்கம் போய்வந்தார். 1864 ஜனவரியில் தெவோத்ரோஸ் அவரைச் சங்கிலியில் பூட்டினார். சமாதானம் பேச வந்த ஹோர்முஸ்த் ரசாமும் அவருடைய தோழர்களும் 1866இல் அதே கதிக்கு ஆளானார்கள். ஃப்ளாட் திரட்டிய கைவினைஞர்கள் மசாவா வரை வந்து, கைதிகள் விடுதலையாகும்வரை போக வேண்டாம் என்று அங்கேயே நிறுத்தப்பட்டார்கள். ஒரு கடிதத்துக்குப் பதில் போட்டிருந்தால் பேரரசு பிழைத்திருக்கும் என்ற வாதம் இதிலிருந்து பிறக்கிறது. படையெடுப்பு தவிர்க்கப்பட்டிருக்கலாம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பிரிட்டிஷ் முன்னணிப் படை 1867 அக்டோபரில் செங்கடல் கரையில் இறங்கியபோது ஷெவா போய்விட்டது, தீக்ரே போய்விட்டது, லாஸ்தாவும் கோஜாமும் போய்விட்டன. பேரரசரிடம் இருந்தது பெகெம்தெர் மாகாணத்தின் ஒரு மூலையும் மக்தலா மலையும் சில ஆயிரம் ஆட்களும்தான். பிரிட்டன் பறித்தது ஒரு கோட்டையை. நாட்டை அவர் அதற்கு முன்பே இழந்திருந்தார்.

இவ்வளவும் சொன்னபின், மிகக் கனமான மறுப்பு ஒன்று நிற்கிறது. அவருடைய கொடுமை. வொல்லோவில் கைதிகளின் கைகால்களை வெட்டினார். மெனெலிக் தப்பிய கோபத்தில், மக்தலாவில் இருந்த ஒரோமோ இனப் பணயக் கைதிகளைக் கொன்றார். சாவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பும் ஏராளமான உள்நாட்டுக் கைதிகளை மலைவிளிம்பிலிருந்து தள்ளச் சொன்னார். இவற்றை வரவு செலவுக் கணக்கால் கழுவ முடியாது, கழுவவும் கூடாது. கொல்லப்பட்டவர்கள் ஒரு சீர்திருத்தத்தின் செலவுகள் அல்லர். அதே சமயம், எல்லாவற்றையும் மனநோய் என்று சொல்லி மூடுவது விளக்கமும் ஆகாது. 1858இல் அன்பு மனைவி தெவாபெச் இறந்ததும், 1860இல் நண்பர்கள் பிளௌடனும் பெல்லும் கொல்லப்பட்டதும் அவரை உடைத்தன என்று எழுதுகிறார்கள். அந்தத் துயரங்கள் உண்மையானவை. ஆனால் அதே 1860இல்தான் தேவாலய நிலத்தில் கை வைத்தார். அதன்பின்தான் கலகங்கள் ஓயாமல் தொடர்ந்தன. அவருடைய தண்டனைகளின் கடுமை, அவருடைய ஆட்சி எல்லை சுருங்கச் சுருங்க ஏறிக்கொண்டே போனது. வரி வாங்கும் அதிகாரி இல்லாத இடத்தில் அச்சத்தை வரியதிகாரி ஆக்கினார். நல்ல மனம் படைத்த இன்னொருவர் அதே இடத்தில் இருந்திருந்தால் அவ்வளவு பேர் செத்திருக்க மாட்டார்கள். ஆனால் அவரும் சம்பளம் கொடுத்திருக்க முடியாது.

இதற்கு மறுக்க முடியாத சான்று எதிரியின் முகாமில் இருக்கிறது. பம்பாயிலிருந்து புறப்பட்ட ராபர்ட் நேப்பியரின் படையில் 13,000 வீரர்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். கூடவே அதற்கு இருமடங்கு பணியாட்கள், 40,000க்கு மேற்பட்ட விலங்குகள், இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த 44 யானைகள். கரையிலிருந்து உள்நோக்கிச் சிறு ரயில்பாதையும் போட்டார்கள். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஆயுதம் பெட்டி பெட்டியாக வந்த வெள்ளி. 40 லட்சத்துக்கு மேல் மரியா தெரசா காசுகள் திரட்டப்பட்டன. மலைநாட்டு மக்கள் தேய்ந்த காசையோ புதிய பாணிக் காசையோ வாங்க மாட்டார்கள். அரசியின் முடியிலுள்ள முத்துகளும் தோளிலுள்ள ஆபரணமும் தெளிவாகத் தெரிய வேண்டும். அதற்காக வியன்னாவில் புதிதாக அச்சடித்துக் கொண்டுவந்தார்கள். தன் சண்டை தெவோத்ரோஸோடு மட்டுமே என்று நேப்பியர் அறிவித்தார். வழியெங்கும் தானியத்துக்கும் புல்லுக்கும் சுமைக்கூலிக்கும் வெள்ளியில் பணம் கொடுத்தார். ஏறத்தாழ 600 கிலோமீட்டர் மலைப்பாதையில் எந்த ஊரும் எழுந்து தடுக்கவில்லை. உழவர்கள் சந்தை போட்டார்கள். படை நடந்தாலும் உழவன் நிம்மதியாக இருக்கலாம் என்று 1855இல் தெவோத்ரோஸ் கண்ட கனவு, அவரைப் பிடிக்க வந்த அந்நியப் படையில் நிறைவேறிக்கொண்டிருந்தது. மலைநாட்டு உழவன் தேசத்துரோகி ஆகிவிட்டான் என்று பொருள்கொள்ள வேண்டாம். விலை கொடுக்கும் படையை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த வெள்ளியின் ஒரு பகுதியை யார் சுமந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். படையெடுப்பின் மொத்தச் செலவு ஏறத்தாழ 90 லட்சம் பவுன். இந்தியப் படைவீரர்களின் வழக்கமான ஊதியத்தை இந்திய வருவாயிலிருந்தே தொடர்ந்து கொடுப்பது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் முடிவுசெய்தது. அங்கேயே அதற்கு எதிர்ப்புக் குரல்களும் எழுந்தன. எத்தியோப்பியாவோடு எந்தப் பகையும் இல்லாத இந்திய உழவர், அதுவும் 1866இல் ஒரிசாவில் ஏறத்தாழ 10 லட்சம் உயிர்களைப் பஞ்சத்துக்குப் பறிகொடுத்த மறு ஆண்டிலேயே, இந்தப் போருக்கு வரி கட்டினார். படையில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் பிரிவினரும் இருந்தார்கள். மக்தலா வாயிலை நோக்கி ஏறிய முன்னணியிலும் அவர்கள் சென்றார்கள். 'அபிசீனியா' என்பது இன்றும் அந்தப் பிரிவின் போர்ச் சிறப்புகளில் ஒன்று. சம்பளப் படையின் வலிமை நிலவரியில் இருக்கிறது என்று தெவோத்ரோஸ் சரியாகவே கணித்திருந்தார். அவருக்கு எதிராக நின்ற படையின் பின்னால் இருந்தது ஒரு துணைக்கண்டத்தின் நிலவரி.

அவர் அந்தக் கடைசி மாதங்களில் செய்த வேலை மலைப்பூட்டுவது. 1867 அக்டோபரில் தெப்ரெ தாபோரை எரித்துவிட்டு, செபஸ்டோபோலையும் மற்றப் பீரங்கிகளையும் நூற்றுக்கணக்கானவர்கள் இழுக்க, ஆழமான ஜித்தா, பெஷ்லோ பள்ளத்தாக்குகளுக்குச் சரிவுச் சாலை வெட்டிக்கொண்டே 1868 மார்ச்சில் மக்தலா வந்து சேர்ந்தார். அந்தச் சாலையிலேயே நேப்பியரின் படையும் பின்னால் வந்தது. ஏப்ரல் 10, பெரிய வெள்ளி அன்று அரோகெ சமவெளியில் அவருடைய வீரர்கள் மலையிலிருந்து இறங்கித் தாக்கினார்கள். பின்பக்கம் குண்டு நிரப்பும் ஸ்நைடர் துப்பாக்கியின் முன்னால் ஏறத்தாழ 700 பேர் மாண்டார்கள். பிரிட்டிஷ் பக்கம் காயம்பட்டவர்கள் இருபது பேர் அளவே. ஐரோப்பியக் கைதிகளை அவர் விடுவித்தார். ஆனால் சரணடைய மறுத்தார். 13ஆம் தேதி கோட்டை விழுந்தபோது, விக்டோரியா அரசி முன்பு பரிசாக அனுப்பிய கைத்துப்பாக்கியால் உயிரை மாய்த்துக்கொண்டார். கோந்தார் தேவாலயங்களிலிருந்து அவர் கொண்டுவந்து சேர்த்திருந்த கையெழுத்துச் சுவடிகளும் சிலுவைகளும் கிரீடங்களும் 15 யானைகள் மேலும் ஏறத்தாழ 200 கோவேறு கழுதைகள் மேலும் ஏற்றப்பட்டு, தெலாந்தா சமவெளியில் ஏலம் விடப்பட்டன. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தன் ஆளை ஏற்கெனவே படையோடு அனுப்பியிருந்தது. வென்றவர்கள் நாட்டைப் பிடிக்காமல் திரும்பிப்போனார்கள் என்பதைப் பெருந்தன்மையாகச் சொல்பவர்கள் இந்த ஏலத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு மறுப்பு. பணம்தான் தடை என்றால், அதே மலைநாட்டை ஆண்ட மெனெலிக் எப்படி வென்றார்? 1896இல் அத்வாவில் இத்தாலியை முறியடித்த படைக்குத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது? வாதத்துக்கு வலு சேர்ப்பதே இந்தக் கேள்வியின் விடைதான். மெனெலிக் தெவோத்ரோஸின் கணக்கைத் தீர்க்கவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போனார். தேவாலய நிலத்தை அவர் தொடவில்லை. தெற்கே ஒரோமோ நாடுகளையும் காஃபாவையும் இன்னும் பலவற்றையும் வென்று, அங்கிருந்து வந்த தந்தமும் காபியும் பொன்னும் அடிமைகளும் தந்த வருவாயில் துப்பாக்கி வாங்கினார். வீரர்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாகத் தென்னாட்டு உழவர் குடும்பங்களையே ஆளுக்கு இத்தனை என்று ஒதுக்கினார். அந்த உழவர்கள் வீரனின் வயலில் உழைத்து அவனுக்குச் சோறு போட்டார்கள். வடக்கு உழவனின் முதுகிலிருந்து இறங்கிய படை தெற்கு உழவனின் முதுகில் ஏறியது. வடக்கில்கூட, வீரர்களை வீடுகளில் தங்கவைப்பதற்கு மாற்றாக விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாக வாங்கும் ஆணை 1892இல்தான் வந்தது. மெனெலிக்குக்கும் முன்பு ஆண்ட நான்காம் யோஹன்னெஸ், அன்று தீக்ரேயின் காசா என்று அறியப்பட்டவர் (தெவோத்ரோஸ் ஆன காசா அல்ல), நேப்பியர் விட்டுச்சென்ற 12 பீரங்கிகளையும் 850 துப்பாக்கிகளையும் கொண்டு 1871இல் போட்டியாளரை வென்றவர். திருச்சபையை அவர் தன் தூணாக்கிக்கொண்டார். ஷெவாவிலும் கோஜாமிலும் அரசர்கள் தன் கீழ் இருக்க இசைந்தார். 1860இல் தெவோத்ரோஸ் எடுத்த முடிவை அவருக்குப் பின் வந்த எந்தப் பேரரசரும் முழுதாகத் திரும்ப எடுக்கவில்லை. திருச்சபையின் நிலமும் பிரபுக்களின் நிலமும் சேர்த்து அரசுடைமை ஆனது 1975 மார்ச்சில். அந்த ஆணையைப் பிறப்பித்தது, கடைசிப் பேரரசரை அதற்கு முந்தைய செப்டம்பரில் பதவியிறக்கிய ராணுவக் குழு. யோஹன்னெஸ் எகிப்தியப் படைகளை எதிர்கொண்ட விதத்தை அடுத்த இதழில் பார்ப்போம்.